பாமினியில் ஏற்றிய எங்கள் பத்திரிகை

எங்கள் பாடசாலை மாணவர் பத்திரிகைக்கு இனிக் கடதாசி இல்லை என்று அதிபர் சொல்லிவிட்டார். இணையத்தில் போடாவிட்டால் அது நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியரான நான் மூன்று வாரம் இருந்து பன்னிரண்டு பக்கமும் பாமினி எழுத்துருவில் அடித்து, நேற்று ஏற்றினேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

இன்று ஹட்டன் நெட் கஃபேயில் பத்திரிகையின் மாணவ ஆசிரியை கவிதா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க சேர், டாக்டர் எழுதின மருந்துத் துண்டு மாதிரி இருக்கு! எங்க அண்ணன் கொழும்புல வேலை செய்யிற கடையில எல்லாரையும் கூப்பிட்டு, தங்கச்சி எழுதினதுன்னு காட்டியிருக்கு. மானம் போச்சுங்க!”

இது என்னால் ஆகிற வேலையா என்று யோசித்தேன். ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து, முதலில் அவள் கட்டுரையை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியுமாம் என்ற யூனிகோடில் அடித்து முடித்தேன். நாளை அடுத்த பக்கம்.

இந்தப் பதிவும் யூனிகோட்தான். தமிழாகத் தெரிந்தால் கீழே ஒரு வரி போடுங்கள். மருந்துத் துண்டாகத் தெரிகிறவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.