போத்தல் ஓடு

யாழ்ப்பாணத்தில் நான் ஆறாம் வகுப்புக்குச் சரித்திரம் படிப்பித்தேன். ஆதிமனிதன் கல்லில் கத்தி செய்த விதத்தைக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்ச் சுண்ணக்கல் பொடிந்துபோகும். அதனால் தடித்த கண்ணாடிப் போத்தலின் அடியைத் தட்டி, கூரான ஓடு பெயர்வதைக் காட்டுவேன். முதல்நாளே கிணற்றடியில் தட்டிப் பழகுவேன். மனைவி பார்த்துச் சிரிப்பாள்.

எண்பத்தேழில் நான் கடல்கடந்து ஓக்லன்ட் நகரில், ஏவன்டேலில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். வேலை ஒனிஹங்காவில், ஒரு தொழிற்சாலையில். மனைவிக்கு விசா கிடைக்கவில்லை. சண்டை மூண்டதும் ஊருக்கு ஃபோனும் இல்லை, கடிதமும் இல்லை. மாதங்கள் போயின. ரேடியோவில் எங்கள் ஊர்ப்பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன், வராவிட்டாலும் பயந்தேன்.

ஒரு ஞாயிறு சந்தையில் யாரோ "மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். இங்கிருக்கும் புருஷனிடம் புதிதாக வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"பிள்ளை, என்ர மனுசி?"

"பங்கர்க் குழிக்குள்ள எல்லாரும் ஒண்டாத்தான் கிடந்தம், மாஸ்டர். மேல பனங்குத்தியும் மண்மூட்டையும். நிமிர ஏலாது. நெருப்புப்பெட்டியும் முடிஞ்சுது. அக்காதான் தணலைச் சாம்பலால மூடிக் காப்பாத்தினவா. அவவிட்டத்தான் சிரட்டையில நெருப்பு வாங்குவம்."

குழந்தையின் தலையைத் தடவினாள்.

"இவன் அதுக்குள்ளதான் பிறந்தவன். வெளியில ஷெல். வீட்டுக்குப் போய் பிளேட் எடுக்க ஏலாது. அக்கா போத்தலைத் தட்டி, நல்ல ஓடாப் பாத்து எடுத்து, தணலில வாட்டித் தொப்புள்கொடியை வெட்டினவா. 'இது அவர் படிப்பிக்கிற பாடம்' எண்டவா."

"பிறகு?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "நாங்கள் வெளிக்கிட்ட பிறகு எங்கட வீட்டு ஒழுங்கையில ஷெல் விழுந்ததாம். வேற ஒண்டும் தெரியாது."

குகை வாழ்க்கை எப்போதோ முடிந்துவிட்டது என்று வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போனேன், வந்தேன், வேறெதுவும் நினைவில்லை. கடைசியில் ஒருநாள் கொழும்பிலிருந்து ஃபோன்.

"நான்தான்," என்றாள்.

"சுகமா இருக்கிறீரா?"

"ஓம்."

அன்றே விசாவுக்கு மறுபடியும் எழுதிப் போட்டேன்.

அடுத்த வருஷம் வந்து சேர்ந்தாள். முதல் பெருமழை தகரக் கூரையில் அறைந்தபோது போர்வையோடு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

"மழைதானப்பா. வெளியில வாரும்."

"தெரியும்," என்றாள். வரவில்லை.

நானும் குனிந்து உள்ளே போய் அவள் பக்கத்தில் படுத்தேன்.