உடம்பு தேறட்டும்

குவாய்ச்சுங் சந்தையில் பன்றி இறைச்சிக் கடை வைத்திருக்கும் லாய்குன்னுக்கு அருவருப்பு லேசில் வராது. விடியுமுன் குடலைப் புரட்டிப் போட்டுக் கழுவுவாள். அதே கையைத் துணியில் துடைத்துவிட்டு பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வரும் இளவட்டங்களைக் கண்டால், "நாத்தம் கறியில இல்லம்மா, உன் பின்னாடி இருக்கிற சாக்கடையில" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு, கொரோனா ஐந்தாவது முறையாக ஹாங்காங்குக்குள் புகுந்த அந்த வருஷம், மனிதர்களைப் பார்த்துக் குமட்டியது. ஊரார் அல்ல, வீட்டு மனிதர்கள்தான்.

கணவன் சிக்ஹோய் மினிபஸ் ஓட்டுகிறான். நல்லவன். நல்லவன் என்றால் எதற்கும் வாயைத் திறக்காதவன் என்று அர்த்தம். அவனுடைய அக்கா பிக்வா, பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் அவள் வைத்ததே சட்டம். தம்பி கெங் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஊரையே மிரட்டி பாலிசி விற்பவன். மாமனார் டாங் கிழவர் லாய்குன் வீட்டில் இருந்தார். இடுப்பு ஒடிந்த மாமியாரை மட்டும் சந்தைக்கு எதிர் மாடியில் இருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள்.

மாமியாரும் மருமகளும் முதல் பத்து வருஷம் கீரியும் பாம்பும். பிறகு சண்டை போட்டுப் போட்டே பழகிவிட்டார்கள். "நீ பேசறது நீ வெட்டற எலும்பு மாதிரியே இருக்கு, சிதறி வந்து என் மூஞ்சியில அடிக்குது" என்பாள் கிழவி. லாய்குன்னுக்கு அது பாராட்டாகவே படும். பெற்ற பிள்ளைகள் மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க, கிழவி பேச்சுத் துணைக்குத் தேடியது இவளைத்தான்.

கொரோனா ஊசி பற்றிய பேச்சு, அதற்கு முந்தைய கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் விடுதியில், இறால் கொழுக்கட்டைக் கூடைகளுக்கு நடுவே வந்தது. கெங் போனைத் தூக்கிப் பிடித்து யாரோ அனுப்பியதை வாசித்தான். ஊசி போட்ட மறுநாள் ஒரு கிழவர் இறந்துவிட்டாராம்.

"எத்தனை லட்சம் பேர் போட்டுக்கிட்டாங்க, அதுல ஒருத்தரா?" என்றாள் லாய்குன்.

"அந்த ஒருத்தர் நம்ம அம்மாவா இருந்தா?" என்றாள் பிக்வா.

அதற்குமேல் யார் பேசுவது? லாய்குன்னும் ஒன்றும் ஊசியைக் கும்பிடுகிறவள் அல்ல. அவள் கடைக்குப் பக்கத்துக் காய்கறிக்காரிக்கு ஊசி போட்ட பிறகு வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டது. பொய்யில்லை, இவளே கண்ணால் பார்த்தாள். மாதம் திரும்புவதற்குள் சரியாகிவிட்டது. அதையும் இவளே பார்த்தாள். முதலில் பார்த்ததைச் சொன்னபோது எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பின்னதைச் சொன்னபோது கெங் வாத்துக்கறி வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தான்.

அப்போது ஊரில் நோயே இல்லை. விமானத்தில் வந்தவர்களை ஓட்டலில் அடைத்து, கதவைச் சாத்தி, நாங்கள் மாதக்கணக்கில் தப்பித்திருந்தோம். தராசின் ஒரு தட்டில் ஊசியை வைத்துவிட்டு மறு தட்டை வெறுமையாக விட்டால் எந்தப் பக்கம் தாழும்? நோய் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மேஜையில் ஒருவரும் தட்டில் வைக்கவில்லை.

பிக்வா தேநீரை ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "போட வேண்டாம்னு சொல்லல. இப்ப வேண்டாம். ரத்தக் கொதிப்பு இருக்கு, சர்க்கரை இருக்கு. அப்பாவுக்கும் அப்படித்தான். முதல்ல உடம்பு தேறட்டும். லாய்குன், உன் கைக்குத்தான் சூப் நல்லா வருமே, நீ செஞ்சு குடு."

எங்கள் ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. பரீட்சைக்குப் போகிறவனுக்கும் சூப், பிள்ளை பெற்றவளுக்கும் சூப். ஊசிக்கு முன்னால் சூப் என்றால் எவனும் சிரிக்கமாட்டான். லாய்குன்னும் சிரிக்கவில்லை. நல்ல தொடை எலும்பாகப் பார்த்து எடுத்து, தாமரைக் கிழங்கும் பேரீச்சையும் போட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்துக் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி இல்லத்து வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளே விடமாட்டார்கள். கிழவி போனில் முகம் காட்டுவாள்.

"எதுக்குடி என்னைப் போட்டுக் கொழுக்க வெக்கிறே? புத்தாண்டுக்கு வெட்டிறலாம்னு பாக்கிறியா?"

"உங்க எலும்பு சூப்புக்குக் கூட ஆகாது அத்தை. குடிங்க பேசாம."

கன்னத்தில் சதை வைத்தது. படத்தை எடுத்து குடும்பக் குழுவில் போட்டாள் லாய்குன். "நல்ல மாற்றம். இன்னும் கொஞ்சம்" என்று பிக்வா பதில் போட்டாள். அடுத்த படத்துக்கும் அதே பதில்தான். எந்த அளவு வந்தால் தேறியதாகக் கணக்கு என்று கேட்க லாய்குன்னுக்கு நாக்கு துடித்தது. கேட்டால், மருமகளுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பார்கள்.

ஒருநாள் கிழவியே கேட்டாள். "பக்கத்துக் கட்டில்காரி போட்டுக்கிட்டாடி. ரெண்டு நாள் கை வலிக்குதுன்னா. இப்ப என் பங்கு பிஸ்கட்டையும் சேர்த்துத் திருடித் தின்னுக்கிட்டிருக்கா. நானும் போட்டுக்கட்டுமா?"

"அண்ணியைக் கேட்டுச் சொல்றேன் அத்தை."

"ஊசி எனக்கா, அவளுக்கா?" என்றாள் கிழவி. லாய்குன் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

குளிர்காலத் தொடக்கத்தில், கடையில் கூட்டம் நெரித்த நேரத்தில் இல்லத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் டாக்டர் வருகிறார், உங்கள் மாமியாருக்குப் போடலாமா, வீட்டில் யாராவது சம்மதம் சொல்ல வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண். லாய்குன் ஒரு கையில் கத்தியோடு கணவனை அழைத்தாள்.

"அக்காவைக் கேளு" என்றான் சிக்ஹோய். பின்னால் ஹாரன் சத்தம்.

பிக்வாவை அழைத்தாள். அங்கே ஆட்டக்கட்டைகளைக் கலகலவென்று கலைக்கும் சத்தம், மாஜாங் சூது ஆடிக்கொண்டிருந்தாள்.

"நீ சரின்னு சொல்லணும்னா சொல்லிக்க, நான் குறுக்கே நிக்கல" என்றாள் பிக்வா. "ஆனா ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு. எங்க அம்மா அவங்க. ஞாபகம் வெச்சுக்க."

லாய்குன் கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். ஊசி போட்டு ஏதாவது ஆனால் இவள் தலையில் விழும். போடாமல் ஏதாவது ஆனால் யார் தலையிலும் விழாது. விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். இந்தக் கணக்கு பிக்வாவுக்குப் புரிந்திருந்தது, கெங்குக்குப் புரிந்திருந்தது, வாயைத் திறக்காத சிக்ஹோய்க்கும் புரிந்திருந்தது. அந்த நிமிஷத்தில் இவளுக்கும் புரிந்தது. இல்லத்துப் பெண்ணை அழைத்து, "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். வரிசையில் நின்ற ஒருத்தி விலா எலும்பு கேட்டாள். வெட்டிக் கொடுத்தாள்.

அடுத்த தடவை வரவே இல்லை. சீனப் புத்தாண்டுச் சிவப்புக் காகிதங்கள் வாசலில் ஒட்டியிருக்கும்போதே நோய் ஊரைப் பிடித்துக்கொண்டது. இல்லத்தில் ஒரு தளம் முழுக்கப் படுத்தது. பக்கத்துக் கட்டில்காரி இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கிழவியை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் உள்ளே இடமில்லாமல், வாசலில் கூடாரத்தடியில், மழைத் தூறலில், தகரப் போர்வை போல ஒன்றைச் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். லாய்குன் அத்தையின் முகத்தைச் செய்திப் படத்தில் தேடினாள். எல்லாக் கிழவிகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. அன்று காய்ச்சிய சூப் அடுப்பிலேயே இருந்தது. அதை அவள் கழிவறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டாள்.

சவப்பெட்டிக்கே தட்டுப்பாடாக இருந்த நாட்கள் அவை. காரியம் முடிய வாரக்கணக்கில் ஆனது. எரித்துவிட்டு, துக்க விருந்துக்காகப் பகல் சாப்பாட்டுக்கு அதே தேநீர் விடுதிக்குப் போனார்கள். மேஜைக்கு இரண்டு பேர்தான் என்று சட்டம். ஆகவே மூன்று மேஜை. ஊசி போடாதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்பதும் சட்டம்.

வாசலில் நின்ற பெண் ஒவ்வொருவர் போனையும் வாங்கி ஸ்கேன் செய்தாள். பிக்வாவின் போன் பீப் என்றது. "மூணு டோஸும் ஆயிருச்சு, உள்ள போங்க அக்கா."

லாய்குன் நின்றுவிட்டாள். "மூணா? நீங்க எப்ப அண்ணி போட்டுக்கிட்டீங்க?"

"போன கோடையிலேயே ஆரம்பிச்சாச்சு. மாஜாங் கடையில ஊசி இல்லாம உள்ள விடமாட்டேன்னுட்டான்" என்றாள் பிக்வா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அது வேற விஷயம். நான் திடமா இருக்கேன்."

போன கோடை. இறால் கொழுக்கட்டைக்கு நடுவே, அந்த ஒருத்தர் நம்ம அம்மாவா இருந்தா என்று கேட்டாளே, அதே கோடை. லாய்குன்னுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குடல் கழுவும் தொட்டியில்கூட இப்படி வந்ததில்லை.

அதற்குள் வரிசையில் அடுத்த ஆள் வந்துவிட்டார். டாங் கிழவர். கையில் போன் இல்லை, ஊசியும் இல்லை.

"தாத்தாவை உள்ள விட முடியாதுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது; பிள்ளைகள் கண் கலங்கவில்லை.

"அப்பா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க. உங்களுக்குப் பார்சல் வாங்கிட்டு வர்றோம்" என்றான் கெங்.

பெண்டாட்டியை எரித்துவிட்டு வந்த மனிதர், நடைபாதையில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். இழவு வீட்டில் கொடுத்த வெள்ளை உறையைத் திறந்து, அதிலிருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கசப்பு போக வேண்டும் என்றுதான் அதைக் கொடுப்பது. கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. உள்ளே அவருடைய பிள்ளைகள் மேஜை விட்டு மேஜை கத்திப் பேசிக்கொண்டு, துக்க விருந்துக்கு வழக்கமான ஏழு வகைப் பண்டத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் பிக்வா, மீனின் கன்னச் சதையைக் கிள்ளி எடுத்தபடி. "நல்ல வேளை, அம்மாவுக்கு ஊசி போடல. போட்டிருந்தா, ஊசிதான் கொன்னுச்சோன்னு ஆயுசுக்கும் நமக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்திருக்கும்."

"ஆமாக்கா" என்றான் கெங். சிக்ஹோய் சோற்றைப் பார்த்தபடி தலையாட்டினான்.

இவர்களுக்கு மனசு உறுத்தக் கூடாது. அதற்குத்தான் இத்தனையும். லாய்குன் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அந்த மேஜைகளில் இருந்தவர்களைப் பார்க்கவே கூசியது. அவர்களில் ஒருத்தியாக, கையில் கத்தியோடு, அடுத்த தடவை என்று சொன்னவளை நினைக்க அதைவிடக் கூசியது.

"லாய்குன்" என்று கூப்பிட்டாள் பிக்வா. "அப்பாவும் துவண்டு போயிட்டாரு, பாத்தியா. நாளையிலேர்ந்து அவருக்கு சூப் குடு. முதல்ல உடம்பு தேறட்டும். ஊசியைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

லாய்குன் எழுந்தாள்.

"எங்கே போறே? கோழி இன்னும் வரலையே."

"நீங்களே தின்னுங்க" என்றாள். வாயில் அதைவிட மோசமானது ஒன்று வந்தது. இழவு நாள் என்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கிழவர் தொட்டியில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சமூகக் கூடத்துல வயசானவங்களுக்கு ஊசி போடறாங்க. நேரா போனா டோக்கன் குடுத்துருவாங்க" என்றாள், முகக்கவசத்துக்குள்ளிருந்து உரக்க. "ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம். கை வலிக்கும். உங்களுக்குக் கொதிப்பு இருக்கு, அதை டாக்டர்கிட்ட சொல்லிப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. அப்பவும் ஒண்ணும் ஆகவே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அத்தைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கள்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

கிழவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். கேள்வி தனக்குத்தானா என்பது போல அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் அத்தையை யாராவது இப்படிக் கேட்டீங்களா?" என்றார்.

லாய்குன் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

அவர் வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து விழுங்கினார். பிறகு மீன் தொட்டியைப் பிடித்து எழுந்தார். "நட" என்றார்.

சமூகக் கூடத்தில் டாக்டர் விசாரித்து, கொதிப்பு அளந்து, சரி என்றார். கிழவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது லாய்குன்னின் போன் அலறியது. பிக்வா.

"அப்பா எங்கே? ஊசி போடவா கூட்டிட்டுப் போயிருக்கே? யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனே?"

நர்ஸ் பஞ்சால் அந்தச் சுருங்கிய கையைத் துடைத்தாள்.

"அவரைக் கேட்டேன்" என்றாள் லாய்குன்.