குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஒரு வீடு

அகழாய்வு வேலையில் தோண்டுவது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் குந்தியிருந்து கூட்டுவதும் எண்ணுவதும்தான். வெயிலில் குந்தியிருந்து முட்டி தேய்ந்தவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் பூப்பறித்தாலும் சரி, கல் உடைத்தாலும் சரி, இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விடுவார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆனால் எண்ணச் சொன்னால் தப்பாது. அதனால் அகழாய்வுக் குழியில் எனக்குப் பானை ஓடு எண்ணுகிற வேலை கொடுத்தார்கள். சேர்ந்த அன்றைக்கே, மண்ணுக்குள்ளிருக்கும் வீட்டை எடுக்க ஐந்து சாமான் வேண்டும் என்று எழுதி, ஷெட்டில் ஒட்டியிருந்தார்கள்: கொத்தனார் கரண்டி, பிரஷ், சல்லடை, நூல், டேப். அவற்றைக் காலையில் எண்ணி எடுத்துக் கொடுப்பதும், சாயந்திரம் எண்ணி வாங்கி வைப்பதும் என் பொறுப்பு.

உடைந்த சட்டி

இடத்தைக் கண்டுபிடித்தது எஸ்தர் மேடம். கீழ்நாட்டுக்காரர், தூத்துக்குடிப் பக்கம். குழிக்கு அவர்தான் பொறுப்பு. பழைய ஊரைத் தேடுகிறவர்கள் எடுத்ததும் மண்வெட்டியைத் தூக்க மாட்டார்கள் என்பது அவர் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். முதலில் நடப்பார்கள். மழை அரித்த ஓடைக்கரை, கிணறு வெட்டிப் போட்ட மண், காட்டு வரப்பு என்று குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். அப்படி நடந்து வந்தவர் எங்கள் ஊர்ப் பெரியண்ணன் என்கிறவருடைய காட்டு வரப்பில் நின்றுவிட்டார். பெரியண்ணன் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கும்போதெல்லாம் கிழங்கோடு பானை ஓடும் வருமாம். காலில் குத்தாமலிருக்க எல்லாவற்றையும் வரப்பில் வீசியிருக்கிறார். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, வழவழவென்று இருந்த அந்த ஓடுகளை மேடம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டதைப் பெரியண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றைக்கே பேச்சு முடிந்தது. அந்த மூலையைத் தோண்டிக்கொள்ளலாம். ஆனால் முதல் மழை விழுந்ததும் சாமை விதைக்க வேண்டும், அதற்குள் குழியை மூடிவிட வேண்டும். வீடு இருந்த இடம் என்று கண்ணால் காட்டினால் மட்டும் அந்த மூலையை விட்டுவிடுவார். அடுப்பு எரிந்த இடத்தில் ஏர் ஓட்டுவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. வெறும் ஓடும் கரியும் போதாது, வீடே தெரிய வேண்டும் என்றார். மேடம் தலையாட்டினார். அப்போது பெரியண்ணன் சொன்னது:

"ஏனுங்க மேடம், உடைஞ்ச சட்டிதான் வேணும்னா எங்க ஊட்டுக்கு வாங்க. எம்பொண்டாட்டி வாரத்துக்கு ஒண்ணு உடைக்கறா."

ஒரு விரல் கனம்

நூல் கட்டிச் சதுரம் பிரித்து, ஒரு விரல் கனத்துக்கு மேல் மண்ணைச் சீவக் கூடாது என்றார் மேடம். மண்ணின் நிறம் மாறினால் கையை நிறுத்த வேண்டும். மேலே உழவு மண், அதன் கீழே சாம்பல் கலந்த மண், அதற்கும் கீழே செம்மண். நிறம் மாறுகிற ஒவ்வொரு இடமும் ஒரு காலம் முடிந்து இன்னொரு காலம் தொடங்குகிற இடமாம். சீவிய மண்ணையும் சும்மா கொட்டக் கூடாது. சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் ஓட்டையும் கரியையும் எலும்பையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் கொட்ட வேண்டும். தினம் காலையில் ஏரைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் எங்கள் குழிக்கு வருவார். ஒரு வாரம் கழித்தும் குழி முட்டியளவுகூட இறங்கவில்லை. வரப்பில் குந்தி ரொம்ப நேரம் பார்த்தவர் கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நீங்க இந்த வேகத்துல போனா அந்த ஊட்டுக்காரன் சலிச்சுப்போயி அவனே மேல ஏறி வந்துருவான்."

கூடிப்போன ஒரு ஓடு

கழுவிய ஓடுகளைச் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்த தரையில் காய வைப்போம். எந்தச் சதுரத்தில், எந்த ஆழத்தில் கிடைத்ததோ அந்த ஓடு அங்கேதான் இருக்க வேண்டும். இடம் மாறினால் அது வெறும் ஓடுதான். ஒரு நாள் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு எண்ணி வைத்தேன். சாயந்திரம் இருநூற்றுப் பதின்மூன்று இருந்தது.

குறைந்தால் ஆடு மிதித்தது, காக்காய் தூக்கியது என்று ஏதாவது சொல்லலாம். கூடினால் என்ன சொல்வது? மூன்று தரம் எண்ணினேன். மேடமும் வந்து பார்த்தார். ஒரு ஓட்டை எடுத்துத் திருப்பி, அடியில் கரி அப்பியிருக்கிறது, சமைத்த பானை, இதில் என்ன சமைத்தார்கள் என்றுகூடச் சோதித்துப் பார்க்கலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். வாங்கி மோந்து பார்த்தேன். மிளகு வாசம் அடித்தது. எத்தனை காலமானாலும் எங்கள் மலை மிளகு போகாது போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்துவிட்டேன். அதற்குள் பக்கத்தில் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்த ராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"அக்கோவ், அது மத்தியானம் நான் கீழ போட்டு உடைச்ச கொழம்புச் சட்டிங்க. மத்ததெல்லாம் கழுவி வெச்சீங்களேன்னு அதையும் கழுவி வெச்சேன்."

கோடு போட்ட கட்டி

சாம்பல் மண்ணில் சுட்டு இறுகிய களிமண் கட்டிகள் கிடைத்தன. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வரிவரியாகப் பள்ளம். மூங்கில் தப்பையைக் கட்டி அதன் மேல் மண்ணைப் பூசிச் சுவர் வைத்திருக்கிறார்கள், வீடு தீப்பற்றியபோது மூங்கில் எரிந்துபோய் அதன் தடம் மட்டும் மண்ணில் நின்றிருக்கிறது என்றார் மேடம். அந்தக் காலத்தில் எதைக் கொண்டு கட்டினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லையாம். எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரும் இப்படித்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த அரை மணியில் மேடம் என் அடுக்களையில் டேப்போடு நின்றார். கழுவாத பாத்திரம் குவிந்து கிடந்தது. எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. சுவரில் மண் உதிர்ந்த இடத்தில் மேடம் தப்பைக்கும் தப்பைக்கும் இடைவெளி அளந்தார். கட்டியில் இருந்ததும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது போதுமே, பெரியண்ணனிடம் சொல்லிவிடலாமே என்றேன். போதாது என்றார் மேடம். எங்கேயோ இடிந்த சுவரை இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். தரை வேண்டும், கூரையைத் தாங்க மரக்கால் நட்ட குழி வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்:

"அந்தம்மா நம்ம செவுத்தையும் தோண்டறதுக்குள்ள சோத்த ஆக்கி முடிச்சிரு."

மெழுகிய தரை

மேகம் கட்டத் தொடங்கிய வாரத்தில் தரை கிடைத்தது. இடித்து இறுக்கிய களிமண் தரை. கரண்டி பட்டால் டங் என்றது. ஆனால் கால் நட்ட குழிகள் தெரியவில்லை. மேடம் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்துப் பீய்ச்சிப் பார்த்தார். பீய்ச்சிய கையோடு காய்ந்துபோனது. மறுநாள் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக இருந்தது. பெரியண்ணனும் அப்போதே வந்து பார்த்து, முடிவு சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஏரைத் தயாராக வைத்துவிட்டாராம். மறுநாள் விடிந்ததும் மேடம், தரையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு அதிகாரியை அழைத்துவரச் செம்மேட்டுக்குப் போனார்.

தரையைக் கூட்டி முடித்ததும் நான் ஓடு எண்ணப் போய்விட்டேன். ராசம்மா மட்டும் குழியில் இருந்தாள். திரும்பி வந்தபோது சாணி வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் முக்கால்வாசியை அவள் சாணி கரைத்துப் பாந்தமாக மெழுகியிருந்தாள். மீதிக் கால்வாசிக்குச் சாணி பற்றவில்லை. மூலையில் மாவில் ஒரு சின்னக் கோலம். அதே நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மேடம் குழிக்குள் பார்த்தார். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ராசம்மா ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"இத்தனை காலமா ஆளில்லாத ஊட்டுக்கு விருந்தாளி வாராங்க. மொழுவாத தரையில எப்படீங்க உக்கார வெக்கறது?"

காயாத திட்டு

பெரியண்ணன் வந்தார். குழியைப் பார்த்தார், சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். வானம் கறுத்திருந்தாலும் நல்ல காற்று. மேடம் மெதுவாக எழுந்து, மெழுகாத கால்வாசியிலிருந்தாவது சோதனைக்கு மண் எடுத்துவிடலாம் என்று பையைத் தேடினார். அவர் மண் எடுத்து முடிப்பதற்குள் மெழுகல் வெளுத்துக் காய்ந்துவந்தது. ஆனால் ஒரே சீராகக் காயவில்லை. அங்கங்கே தட்டளவு திட்டுகள் ஈரமாகக் கறுத்தே நின்றன. ராசம்மாவுக்கு மானம் போய்விட்டது. அவள் மெழுகிய தரை இப்படித் திட்டுத் திட்டாக என்றைக்கும் காய்ந்ததில்லை. மேலே ஒரு பூச்சு பூசலாம் என்று வாளியடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் கரைசலோடு குழிக்குள் இறங்கினாள்.

"ராசம்மா, கையை எடுங்க!" என்று மேடம் கத்தியதில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது. பிறகு மேடம் முட்டி போட்டு ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கரண்டியால் கோடு போட்டார். நான் எண்ணினேன். எட்டு. வில்போல் வளைந்த வரிசையில், ஒரே இடைவெளியில் நின்றன. மெழுகாத பக்கத்தில் வெறும் தண்ணீரைக் குடத்தோடு தெளித்துக் காத்திருந்தோம். அங்கே இன்னும் மூன்று தெரிந்தன. இறுகிய தரை தண்ணீரைக் குடிக்கவில்லை, கால் உளுத்துப்போன குழியில் நிறைந்த இளகிய மண் குடித்து வைத்துக்கொண்டது என்றார் மேடம். குப்பித் தண்ணீரால் முடியாததைச் சாணிக் கரைசல் செய்திருந்தது. ஒன்றை மட்டும் கரண்டியால் மெல்லத் தோண்டினார். அடியில் கரி, சுற்றிலும் காலை இறுக்க வைத்த கல். பதினொரு காலும் வட்டமாக நின்றன. ஒரு பக்கம் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

பெரியண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றி வந்தார். அடுப்பு எங்கே என்றார். மேடம் நடுவில், மெழுகலுக்குத் தப்பி, செங்கலாகச் சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். பெரியண்ணன் அந்த வட்டத்தை வேறெங்கேயும் தாண்டவில்லை. இடைவெளி இருந்த பக்கம் போய், தலை இடிக்கும் என்பதுபோல் குனிந்து, அந்த வழியாக உள்ளே வந்தார். அப்போது மழையின் முதல் சொட்டு விழுந்தது. நாங்கள் தார்ப்பாயை இழுத்தோம். அவரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்லப்போகிறாரோ என்று மேடம் அவர் முகத்தையே பார்த்தார்.

"ஊடுதானுங்க. சாமையைச் சுத்தி வெதைச்சுக்கறேன். ராசம்மா மொழுவின தரையில ஏர் ஓட்டினா என்னையவே சாணியில கரைச்சுப்புடுவா."

ஷெட்டில் ஒட்டியிருக்கும் தாளில் இன்றைக்கும் ஐந்து சாமான்தான் இருக்கிறது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறவள் என்ற முறையில், ஆறாவது சாமானான சாணியைத் தினம் சாயந்திரம் எப்படித் திருப்பி வாங்கி வைப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.