பதினான்காம் கணினியின் பத்து நிமிடம்

நசீம் பானு அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறார். வேங்கிக்காலில் பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் எங்கள் தனியார் அலுவலகத்தில் நாற்பது கணினிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றும் நடந்தே வந்து எங்களுக்கு முன்னால் கதவைத் திறந்திருப்பார்.

எங்கள் வருகைப் பதிவு, அவரவர் கடவுச்சொல்லிட்டுக் கணினியைத் திறக்கும் நேரத்தை வைத்துத்தான். நான் தற்காலிக ஊழியர். பணி நிரந்தரமாகும் மாதத்தில் என்னைப் பதினான்காம் கணினிக்கு மாற்றினார்கள். வாசலில் செல்பேசியை ஒப்படைக்கும்போது ஒன்பது ஆகியிருக்காது. ஆனாலும் திரை ஒன்பது ஐந்து என்று காட்டும். யாரிடமும் கேட்கத் தயங்கி, நான்தான் மெதுவாக நடக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் மேலாளர் சக்கரவர்த்தி என் மேசைக்கே வந்தார்.

“என்னம்மா எழிலரசி, பதினோரு நாள் லேட்டு. இத வச்சிக்கிட்டு நான் எப்படி கன்ஃபர்ம் பண்றது?”

பக்கத்து மேசைக்கடியில் கேபிள் மாற்றிக்கொண்டிருந்த பானு அக்கா தலையை நீட்டினார். திரையைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், அவ லேட் இல்ல. என் வாட்ச் ஃபாஸ்ட்டு.”

“உங்க வாட்சுக்கும் இதுக்கும் என்னங்க?”

“இந்த சிஸ்டத்துல பேட்டரி போயிடுச்சு சார். காலைல ஆன் பண்ணா பழைய தேதி காட்டும். நான்தான் வாட்ச பாத்து டைம் வைக்கிறேன். பஸ்ஸ விட்டுடக்கூடாதுன்னு வாட்சுல பத்து நிமிஷம் ஜாஸ்தியா வச்சிருக்கேன். கழிக்க மறந்துட்டேன் சார்.”

“அப்போ இந்தப் பொண்ணையும் உங்க பஸ்ஸுல ஏத்திட்டீங்க!”

பானு அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தவறு அவர் பெயரில்தான் எழுதப்பட்டது. நாற்பது கணினிகளையும் இணைக்கும் மத்தியக் கணினி தன் நேரப்படி தனியாக வைத்திருந்த பதிவை அக்காவே தேடி எடுத்து, பதினோரு நாளையும் ஒப்பிட்டு, மாலைக்குள் மேலாளரிடம் கொடுத்தார்.

மறுநாள் மத்தியக் கணினியிலிருந்து ஒரே கட்டளையை நாற்பதுக்கும் அனுப்பினார். இனி ஒவ்வொரு கணினியும் இயங்கத் தொடங்கும்போதும், பிறகு மணிக்கொரு முறையும், மத்தியக் கணினியிடம் தானாகவே நேரத்தைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். பதினான்கில் புது பேட்டரியும் போட்டார்.

“ஒரு சிஸ்டம்தானேன்னு கையால வச்சேன். கையால வச்சா என் பழக்கமும் கூடவே போயிடுது பாரு,” என்றார். பிறகு அவரே அதன் நேரத்தை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, மீண்டும் தொடங்கச் செய்தார். திரை திறந்ததும் சரியான நேரம் நின்றது.

பணி ஆணை வந்த அன்று முதலில் அவரிடம்தான் காட்டினேன். கடைசி வரி வரை படித்து, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“இனிமே லேட்டுன்னு காட்டினா, நெஜமாவே லேட்டுதான்டி. என்னைக் கூப்பிடாத.”

தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “அய்யோ, பஸ்!” என்று பையை எடுத்தார். இன்னும் பத்து நிமிடம் இருந்தது.