இடுப்பில் ஏறாத பிள்ளை

டாக்டர் இசபெல்லா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். முகமெல்லாம் அப்புறம். கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுகிறவன் முட்டி தட்டி நடக்கிறானா, கோயிலில் நற்கருணை வாங்கப் போகிற வரிசையில் எவள் சாய்ந்து சாய்ந்து போகிறாள் என்பதில்தான் அவள் கண் இருக்கும். "பூசைக்கு வந்தியா, கால் பாக்க வந்தியா?" என்று அவளுடைய அப்பா சந்தனசாமி திட்டுவார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. மகளைப் பாரிசுக்கு அனுப்ப ஆசைப்பட்டார். மகளோ புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் எலும்பு நோய்க்காரர்களின் ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதித்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா படிச்சே?" என்று கேட்டால், "இதுக்குத்தான்" என்பாள். கோபக்காரி. வாய் நீளம். ஆனால் பொய் மட்டும் சொல்ல வராது.

எழுபத்தொன்பதாம் வருஷத்திலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வந்து கால் வளைந்த பிள்ளைகளைப் பார்த்தாள். "காரைக்கால்ல ரிக்கெட்ஸா? வெயிலும் மீனும் இல்லாத ஊரா அது?" என்று அவளுடைய பேராசிரியர் சிரித்தார். அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. சத்துக் குறைவால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் என்றால் மீன் எண்ணெயும் வைட்டமினும் கொடுத்ததும் கேட்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுத்தும் கேட்கவில்லை. அது ஏன் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஆஸியா பீவி வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் தாய்மாரின் இடுப்பில் உட்கார்ந்திருக்க, அவளுடைய மூன்று வயது ஜொஹரா மட்டும் தாயின் வெள்ளைத் துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு, வளைந்த கால்களால் ஆடி ஆடி நடந்து வந்தது. இரண்டு தரம் விழப் பார்த்தது. இசபெல்லாவுக்குச் சுர்ரென்று வந்தது.

"ஏம்மா, பிள்ளை அந்தப் பாடு படுது. தூக்கி இடுப்புல வச்சுக்கக் கூடாதா?"

ஆஸியாவின் முகம் சுண்டிப்போயிற்று. "வைக்க மாட்டேன் டாக்டரம்மா. மூத்தவளுக்கு நான் இடுப்புல வச்சு வச்சுத்தான் காலு வளைஞ்சு போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதனால இவளைத் தோள்ல போட்டிருக்கேன், மடியில வச்சிருக்கேன். பொறந்ததுலேர்ந்து இடுப்புல மட்டும் வச்சதே இல்ல."

"அப்படியும் வளைஞ்சிருக்கே?"

"அதான் எனக்கும் வெளங்கல" என்று சொன்னவள் அழுதுவிட்டாள்.

அழுகையோடு மற்றதும் வந்தது. நாகூரில் இருக்கும் நாத்தனார் அஜீசுன்னிசாவுக்குப் பிள்ளை இல்லை. 'ஒருத்தியைக் கெடுத்தது போதும், இவளையாவது நான் வளர்க்கிறேன்' என்று பெருநாள் கழிந்ததும் ஜொஹராவை அழைத்துப் போகப் போகிறாள். புருஷன் நூகுவும் தலையாட்டிவிட்டான். பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில்தான் ஆஸியா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"வேற பிள்ளை இருக்கா?"

"நடுவுல கபீர் இருக்கான். அவன் கால் நல்லா நேராத்தான் இருக்கு."

"அவனையும் இடுப்புல வைக்கலையா?"

"அவனையா? ஆம்பளப் பிள்ளைன்னு வீட்டுல ஆளாளுக்கு இடுப்புலேர்ந்து எறக்கவே மாட்டாங்களே!"

இசபெல்லா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

தாய், மூன்று பிள்ளைகள் எல்லாருடைய ரத்தமும் மூத்திரமும் ஐஸ் வைத்த பிளாஸ்கில் புதுச்சேரிக்குப் போயின. எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் என்கிற சத்து இரண்டு பெண்களுக்கும் ரத்தத்தில் தங்காமல் மூத்திரத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றி என்ன? தாய்க்கும் கபீருக்கும் ஒரு குறையும் இல்லை. இந்த நோய் பரம்பரையாக வருவது என்றும், தகப்பனுக்கு இருந்தால் பெண்கள் அத்தனை பேருக்கும் போகும், ஆண்களுக்குப் போகாது என்றும் அவள் படித்திருந்தாள். ஆனால் தகப்பனைப் பார்க்காமல் எதை வைத்துச் சொல்வது? வெறும் ஊகத்தை நம்பி அந்த நாத்தனார் பிள்ளையை விட்டுக்கொடுப்பாளா?

நேரே ஆஸியாவின் வீட்டுக்கே போனாள். அஜீசுன்னிசா அன்றைக்கு அங்கேதான் இருந்தாள். நல்ல உயரம், நேரான கால், நேரான பேச்சு.

"பரம்பரையா? எங்க வம்சத்துல அப்படி யாருக்கு இருக்கு?" என்று அவள் பொரிந்து தள்ளினாள். "எங்க உம்மாவுக்குக் காலு வளைஞ்சது தண்ணிக் குடம் சொமந்து. தம்பிக்கு வளைஞ்சது துணி மூட்டையை வச்சு சைக்கிள் மிதிச்சு. அதெல்லாம் ஒழைச்ச காலு டாக்டரம்மா. பச்சப் பிள்ளைங்க என்னத்தைச் சொமந்துச்சுங்க? பெத்தவளுக்குத் தூக்கத் தெரியல, அவ்வளவுதான்."

இசபெல்லா டீயைக் கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டாள்.

நூகுவின் கைலிக்கடை கடைத்தெருவில் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தால் அவன் எழுந்திருக்கவே மாட்டான். மேல் தட்டில் இருக்கிற துணிக் கட்டைக்கூடக் கொக்கி வைத்த கம்பால் இழுத்து எடுப்பான். அவனிடம் அப்பாவுக்கு எத்தனையோ தரம் கைலி வாங்கியிருந்தும், அவன் நடந்து அவள் பார்த்ததே இல்லை. சே, ஊரார் காலையெல்லாம் பார்த்தவள் இதைக் கோட்டை விட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"பாய், உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

"எனக்கென்ன சீக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"உங்க கால்?"

அவன் கைலியை இழுத்து விட்டுக்கொண்டான். "அது சைக்கிள் மிதிச்சது."

"உம்மாவுக்குத் தண்ணிக் குடம், உங்களுக்குச் சைக்கிளு, பிள்ளைங்களுக்கு இடுப்பு. ஒரே வீட்டுல காலுக்கு ஒரு கதையா பாய்?"

நூகு கடைக்கு வந்த ஆளைக் கைகாட்டி அப்புறம் வரச் சொன்னான். பிறகு மெதுவாக, "என்கிட்டேர்ந்துதான் போச்சுன்னு ஆயிட்டா ஊரு என்ன சொல்லும் டாக்டரம்மா? என் பொண்ணுங்களே என்னை என்ன நெனைக்கும்?" என்றான்.

அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "ஆஸியா செய்யாத தப்பை இத்தனை வருஷமா சொமக்கிறா. நீங்களும் ஒரு தப்பும் செய்யலை. ரத்தத்துல வந்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? நான் சொல்றது தப்புன்னா, உங்க அக்கா முன்னாடி நானே மன்னிப்புக் கேக்குறேன். பிள்ளையை அவங்களே அழைச்சிட்டுப் போகட்டும்."

நூகு சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினான்.

பெருநாள் முடிந்த கையோடு இசபெல்லா மருந்துடன் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். பாஸ்பேட் கரைசல். ஒரே உப்பும் கசப்பும். வாயில் வைத்தால் பிள்ளைகள் ஊரைக் கூட்டும். அதை வேளை தவறாமல் வருஷக்கணக்கில் குடிக்க வேண்டும், கூடவே வைட்டமினும். சீக்கிரமே ஆரம்பித்ததால் ஜொஹராவின் கால் ஏறக்குறைய நேரானது. மூத்தவளுக்குப் பாதிதான் நிமிர்ந்தது, மீதிக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது. நூகுவின் கால் கடைசிவரை அப்படியே இருந்தது. நெரவி, சுரக்குடிப் பக்கம் இதே போல இன்னும் சில குடும்பங்களைத் தேடிப் பிடித்து எண்பத்தாறில் இசபெல்லா தன் ஆராய்ச்சியை முடித்தாள். இதெல்லாம் பிற்பாடு நடந்தது.

அன்றைக்குக் கூடத்தில் ஜொஹராவின் துணிமணியெல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தது. அஜீசுன்னிசா புறப்பட நின்றாள். ஆஸியா சுவரோரம் நின்று டாக்டரையே பார்த்தாள். இசபெல்லா வாயைத் திறப்பதற்குள் நூகு முன்னால் வந்தான்.

"லாத்தா, ரிசல்ட்டை என்கிட்ட சொல்லிட்டாங்க. எனக்கும் அதேதான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கைலியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "பாரு. உம்மா கால், என் கால், பிள்ளைங்க கால். எல்லாம் ஒரே காலு. ஆஸியா ஒண்ணும் பண்ணலை."

அஜீசுன்னிசா தம்பியின் காலையும் பிள்ளையின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அல்லாவே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இடுப்புல வச்சா...?" என்று ஆஸியா இழுத்தாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. ஒருநாளும் ஆகியிருக்காது" என்றாள் இசபெல்லா.

ஆஸியா குனிந்து ஜொஹராவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிள்ளைக்கு உட்காரத் தெரியவில்லை. காலை எங்கே போடுவது என்று தெரியாமல் விறைத்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி இறங்கி, பயத்தில் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆஸியா மறுபடி ஏற்றி வைத்தாள், மறுபடி வழுக்கியது. 

அஜீசுன்னிசா எழுந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் பிள்ளையின் வளைந்த காலில் ஒன்றைப் பிடித்து ஆஸியாவின் வயிற்றுப் பக்கமும் இன்னொன்றை முதுகுப் பக்கமும் போட்டுவிட்டாள்.

"இப்படிப் போடணும்டி தங்கம்" என்றாள்.