நீல அட்டைக்குப் பத்து நிமிஷம்

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆனால் ஊரில் ரக்பி ஆட்டத்துக்கு விசில் ஊதும் நடுவர்கள் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். சீசன் தொடங்குவதற்கு முன்னால், இந்த விதியைக் கொஞ்சம் மாற்றித்தான் பார்ப்போமே என்று மேலிடத்திலிருந்து ஒரு தாள் வரும். வேலை முடிந்து அலுத்துச் சலித்து வந்து உட்காரும் நடுவர்களின் மண்டையில் அதை ஏற்றுவது அவர் பொறுப்பு. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. தேநீரைவிட, தான் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்ற பெருமை அவருக்கு ருசித்தது.

இந்த சீசனில் சோதனைக்கு வந்தது நீல அட்டை. ஓர் ஆட்டக்காரனுக்குத் தலையில் பலமாக அடிபட்டிருக்குமோ என்று நடுவருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், அந்த அட்டையைக் காட்டி வெளியே அனுப்பலாம். அனுப்பினால் அனுப்பியதுதான். அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. டாக்டர் சரியென்று சொன்ன பிறகுதான் மறுபடி மைதானம். மஞ்சள் அட்டை கதை வேறு. அது தப்பாட்டத்துக்குத் தண்டனை. பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்துவிடலாம். இந்த இரண்டும் யாருக்கும் குழம்பிவிடக் கூடாதே என்று, வாரம் முழுக்க மனைவியைச் சமையலறையில் பிடித்து வைத்துப் பேசிப் பழகினார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்ட அந்த அம்மாவுக்கு விதியெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

வெள்ளிக்கிழமை மாலை, கிளப்பின் உடைமாற்றும் அறையில், ஆளுக்கொரு தாள் கொடுத்து வகுப்பு நடந்தது. ஈரக் காலுறை வாடையும் தைல வாடையும் மூக்கைத் துளைத்தன. மஞ்சள் அட்டையைப் பற்றி எவனோ எதையோ கிளப்பிவிட, அறையே சந்தைக்கடையாகிவிட்டது. அந்த இரைச்சலில்தான் நடுவர்களில் ஒருவரான தபால்காரர் கையைத் தூக்கி, நீலம் வாங்கினவன் எப்போது உள்ளே வரலாம் என்று கேட்டார். வாத்தியாரின் நாக்கு இன்னும் மஞ்சளிலேயே கிடந்தது. பத்து நிமிஷம் கழித்து என்று கணீரென்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தன் வகுப்பைப் போனில் பதிவு செய்து, மறுநாள் காலை காப்பியோடு கேட்டு ரசிப்பது அவர் வழக்கம். மனைவி பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இப்ப என்ன சொன்னீங்க? அதை மறுபடி போடுங்க."

போட்டார்.

"நீலத்துக்கா பத்து நிமிஷம்?"

வாத்தியார் பதிவை நிறுத்தினார். அடிபட்ட மூளை தேறுவதற்குள் இன்னொரு மோதல் விழுந்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம். அதைத் தடுக்க வந்த விதியை வாயாலேயே கெடுத்துவிட்டார். அன்றைக்கு மதியமே ஆட்டங்கள் இருந்தன.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொரு நடுவராகப் போன் போட்டார். தபால்காரர் சாவகாசமாகப் பதில் சொன்னார்.

"தாள்ல வேற மாதிரிதான் இருந்துச்சு வாத்தியாரே. நீங்க அவ்வளவு அழுத்தமா சொன்னதால, தாள்லதான் அச்சுப்பிழைன்னு நெனச்சுட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் இதைக் கேட்டுப் பூரித்துப் போயிருப்பார். இப்போது தலையில் அடித்துக்கொண்டார். ஒருவழியாக எல்லோரையும் பிடித்தாகிவிட்டது, பேக்கரிக்காரர் ஒருவரைத் தவிர. அவர் போன் அணைந்தே கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கடையும் பூட்டியிருந்தது. அவருக்கு ஊர்க்கோடி மைதானத்தில் ஆட்டம்.

கற்றுக்கொடுக்கும் காரிலேயே இருவரும் கிளம்பினார்கள். வாத்தியார் ஓட்ட, வாத்தியார் உட்காரும் இடத்தில் மனைவி உட்கார்ந்தார். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வழியெல்லாம் அந்த அம்மா அதை மிதித்துக்கொண்டே வந்தார். முதலில் நாம் உயிரோடு போய்ச் சேருவோம் என்றார்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. எல்லைக்கோட்டருகே சேறு அப்பிய சட்டையோடு ஒரு நெட்டைப் பையன் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். நீல அட்டை வாங்கி வெளியே வந்தவன் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். உள்ளே போயே தீருவேன் என்கிறானாம். வாத்தியார் அவனை எட்டிப் பிடிப்பதற்குள் அவன் கோட்டைத் தாண்டி, உள்ளே வருகிறேன் என்று நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டான். களத்துக்குள் கால் வைக்க இவருக்கு உரிமை இல்லை. கத்திப் பார்த்தார், எதிர்க்காற்றில் அது அவர் மனைவிக்கே சரியாகக் கேட்கவில்லை.

பேக்கரிக்காரர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராகப் பையனிடம் வந்தார்.

"உனக்கு இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது தம்பி. போய் உக்காரு."

பையன் கெஞ்சினான். அவர் மசியவில்லை. தோளில் கைபோட்டு அவனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாடா என்று வாத்தியார் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டு வைத்தாலும் எழுந்திருக்க முடியாதென்று தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் பேக்கரிக்காரரை ஓரமாக இழுத்துப் போய், நான்தான் பத்து நிமிஷம் என்று சொன்னேனே, உமக்கு மட்டும் எப்படிச் சரியாகத் தெரிந்தது என்று கேட்டார். பேக்கரிக்காரர் நெளிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. நேத்து நீங்க வணக்கம் சொன்னதுதான் கேட்டுச்சு, அப்புறம் தூங்கிட்டேன். காலைல மாவு உப்புற நேரத்துல தாளை மட்டும் படிச்சேன்."

தன் வகுப்பில் கொட்டாவி விட்டவனிடம்கூட மாசக்கணக்கில் முகம் கொடுக்காதவர் வாத்தியார். இப்போது அந்தச் சேற்று உடம்பை அப்படியே கட்டிக்கொண்டார். அடுத்த வகுப்புக்கு எல்லோருக்கும் தலையணை கொடுத்துவிடலாம் என்றார் மனைவி.

நெட்டைப் பையன் பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் கூட்டிப் போக அவன் அக்கா வந்துகொண்டிருந்தாள். வாத்தியார் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஸ்கோர் என்ன?"

"பதினேழு, பன்னிரண்டு. உங்க டீம் ஜெயிச்சிருச்சு."

பையன் சிரித்தான். கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக இவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, மேட்ச் எப்ப ஆரம்பிக்கும்?"

இந்தத் தலையோடுதான் இவன் உள்ளே போகப் பார்த்தான். வாத்தியார் போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டு, மேட்ச் முடிந்துவிட்டது, ஜெயித்தாயிற்று, பதினேழு பன்னிரண்டு என்று சொன்னார். அவன் மறுபடி கேட்டான். மறுபடி சொன்னார். அக்கா வரும்வரை அவன் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றிருந்தது அவருக்கு. களத்துக்குள் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறானே, அது போதும்.