டி-34 கணக்கு

நேற்றைய மழையில் மேட்டிலிருந்து உருண்ட கல்லொன்று, வீட்டின் பின்சுவரில் சாய்த்து வைத்த தகரத்தில் மோதி, சர்ரென்று வழுக்கி விழுந்தது. அந்தச் சத்தத்தில் நான் மறுபடி ஆறாம் வகுப்புச் சிறுமியானேன்.

குண்டனி நாடு என்ற எங்கள் மலையூரில் வீட்டு மண்சுவரை ஒவ்வொரு மழையிலும் கல் வந்து உடைக்கும். அப்பா பலாப் பலகைகளைச் செங்குத்தாக நட்டுப் பார்த்தார், அவையும் பிளந்தன. ஒரு மத்தியானம் அவர் மிளகு உதிர்த்துக்கொண்டிருக்க, பள்ளியிலிருந்து கொண்டுவந்த, தமிழில் வந்த ரஷ்யப் புத்தகத்தை நான் சத்தமாகப் படித்தேன். உலகப்போரில் ஓடிய டி-34 டாங்கியைப் பற்றியது. ஐந்நூறு குதிரைத்திறன் டீசல் எஞ்சின், சேற்றில் எளிதில் புதையாத அகலப் பட்டைகள் என்று படித்தபோதெல்லாம் அப்பா நிமிரவே இல்லை. முன்தகடு நாற்பத்தைந்து மில்லிமீட்டர்தான், ஆனால் சாய்த்து வைத்திருப்பதால் குண்டு வழுக்கிப் போய்விடும் என்றதும் அவர் கை நின்றது.

"அத இன்னொருக்கா படி கண்ணு."

அன்றே பிளக்காமல் மிஞ்சிய பலகைகளைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தார். அடுத்த மழையில் கற்கள் வழுக்கி விழுந்தன. சுவரில் ஒரு கீறல் இல்லை. சேந்தமங்கலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார்: "ஏனுங்க, ரசியாக்காரனே எம்புள்ள கணக்குப்படிதானுங்க டேங்கி செஞ்சிருக்கான்."

இன்றுவரை நான் அதை மறுத்ததில்லை.